12 லட்சம் எஸ்.எம்.எஸ் போனது... ஆயா வீட்டுக் கதவைத் தட்டியது யார்?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 'வெளியே வராதீர்கள்' என்று புதுச்சேரி நிர்வாகம் சுமார் 12 லட்சம் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தே இந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 12.5 லட்சத்துக்குள்தான். கிட்டத்தட்ட தலைக்கு ஒரு எஸ்.எம்.எஸ்! அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், எஸ்.எம்.எஸ் என்பது போனுக்குத்தான் போகும். போனில் சார்ஜ் இருக்க வேண்டும், எழுத்துத் தெரிய வேண்டும், தெரிந்த எழுத்தைப் பார்க்கக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டிப் படித்து முடித்த பிறகு, எழுந்து நடக்கக் கால் வேண்டும்.

சேதராப்பட்டில் ஒரு வீடு. ஆயாவுக்கு 78 வயது, தாத்தாவுக்கு 86. தாத்தாவுக்கு ஐந்து வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் பாதிதான் பேச்சுக் கேட்கும். மகன் ஒரகடம் பக்கம் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரே பட்டன் போன், கரன்ட் போன சனிக்கிழமை மதியமே உயிரை விட்டுவிட்டது.

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது சேதராப்பட்டு. 'பிப்டிக்' தொழிற்பேட்டை உள்ள ஊர். ஷிப்ட் வேன்கள் வருவதும் போவதும்தான் அங்கே கடிகாரம். வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்கள் தொழிற்சாலையில் இருப்பார்கள், இல்லையென்றால் சென்னைப் பக்கம் போயிருப்பார்கள். பகலில் தெருவில் நடந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கையின் மீதுதான் முதியோர் தொடர்பான எல்லாத் திட்டங்களும் நிற்கின்றன. அந்தக் குடும்பம் புயல் அன்று வேறு ஊரில் இருந்தால்?

அன்று இரவு அதுதான் நடந்தது. புயல் கரையைக் கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. ஞாயிறு காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 30 ஆண்டுகளில் ஊர் பார்க்காத மழை. இந்தப் பக்கம் மயிலத்திலும் ஏறக்குறைய அதே அளவு. நடுவில் இருக்கும் சேதராப்பட்டு மட்டும் எப்படித் தப்பும்?

நடுராத்திரிக்குப் பிறகு ஆயா காலைக் கீழே வைத்தபோது தரையில் தண்ணீர். கத்திப் பார்த்தார், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தட்டினால் கேட்கும் தூரத்தில் இருந்தது முன்பக்க போர்ஷன் மட்டும்தான். அங்கே தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இரண்டு பீகார் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஆயாவுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. சுவரை ஒட்டல் கரண்டியால் ஆயா தட்ட, பையன்கள் வந்துவிட்டார்கள். தாத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, எதிர்வீட்டு மாடியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

தாத்தா பிழைத்துவிட்டார் என்று கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால், மாத்திரைக் கவர் பிரிட்ஜ் மேலேயே இருந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இரவில் போடும் ஒன்று. இருட்டில் அந்தப் பையன்களுக்கு அது தெரிய நியாயமில்லை. ஆயா பதற்றத்தில் ரேஷன் கார்டையும் பேங்க் பாஸ்புக்கையும் மஞ்சப்பையில் எடுத்தவர், மருந்தை மறந்துவிட்டார். மகள் திண்டிவனத்திலிருந்து கிளம்ப முடியவில்லை, வழியெல்லாம் தண்ணீர். இரண்டு நாள் மருந்து இல்லை. மூன்றாம் நாள் காலை தாத்தாவின் வாய் மறுபடி கோணியது. மருத்துவமனையில் ஒன்பது நாள். வீடு திரும்பியவருக்கு முன்பு வந்துகொண்டிருந்த கொஞ்சப் பேச்சும் இப்போது வருவதில்லை. பெயர் சொல்லி ஆயாவைக் கூப்பிடுவது நின்றுவிட்டது.

புயல் பலி எண்ணிக்கையில் தாத்தா இல்லை. காயமடைந்தோர் பட்டியலிலும் இல்லை. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் என்று முதல்வர் ரங்கசாமி அறிவித்த நிவாரணத்தில், கார்டு வைத்திருந்த எல்லோரையும் போல அவர்கள் வீடும் ஒன்று. அவ்வளவுதான்.

ஓட்டுக்கு மட்டும் முகவரி தெரிகிறதா?

இதே வீட்டுக்கு, அதே வருடம் ஏப்ரலில், அரசாங்கம் தேடி வந்திருந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று தேர்தல் ஆணையம் வசதி செய்திருந்தது. புதுச்சேரியில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள்களில், படிவம் 12டி கொடுத்தவர்கள் வீட்டுக்கு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழுவே வந்தது. தாத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி ஓட்டுப் போட்டார். எத்தனாவது தெரு, எந்தக் கதவு, யார் எழுந்து நடக்க முடியாதவர் என்பதெல்லாம் அந்தக் குழுவின் கையில் இருந்த தாளில் இருந்தது.

ஏழே மாதங்களில் புயல். அந்தத் தாள் எங்கே போனது?

தேர்தல் பட்டியலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று யாராவது விதி காட்டலாம், நியாயம்தான். ஆனால், அது ஒன்றுதான் பட்டியலா? புதுச்சேரியில் முதியோர் உதவித்தொகையை வழங்குவது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. 80 வயதைத் தாண்டினால் தொகை கூடும் என்பதால், யாருக்கு என்ன வயது என்பது துறைக்கு அத்துப்படி. அங்கன்வாடி ஊழியருக்கோ பட்டியலே தேவையில்லை, தெருவில் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்று சொல்லிவிடுவார். இன்னொரு பக்கம், 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான மாதிரி விதிகள், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் இருக்கும் மூத்த குடிமக்களின் பட்டியலை, குறிப்பாகத் தனியாக வசிப்பவர்களின் பட்டியலை, வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பென்ஷனுக்கு ஒன்று, திருட்டுப் பயத்துக்கு ஒன்று, ஓட்டுக்கு ஒன்று. புயலுக்குத்தான் ஒன்றுமில்லை.

சட்டத்தைப் புரட்டினால் காரணம் கொஞ்சம் புரியும். சுனாமி அடித்த சூட்டில் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரம் பற்றிச் சொல்லும் 12-வது பிரிவில் கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார்கள். முதியோர் என்ற சொல் அதில் இல்லை. நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் 61-வது பிரிவு பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்று வரிசையாகச் சொல்கிறது. வயதைச் சொல்லவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல விஷயம். ஆனால், முழங்கால் தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து, சான்றிதழ் எதுவும் வாங்காமல் இருக்கும் 80 வயதுக்காரர் அந்தப் பதிவேட்டில் எப்படி வருவார்? அவரைப் பொறுத்தவரை அது நோய் இல்லை, வயசு.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா சூறாவளி லூசியானாவைப் புரட்டிப் போட்டபோது, அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 2011-ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, இறந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் 60 வயதைத் தாண்டியவர்கள். இரண்டுமே பணக்கார நாடுகள், எச்சரிக்கை வசதிக்குக் குறைவில்லை. ஜப்பான் அதன் பிறகு 2013-ல் சட்டத்தைத் திருத்தியது. வெளியேற உதவி தேவைப்படுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் தயாரித்தே ஆக வேண்டும். ஆபத்து நேரத்தில் அந்தப் பட்டியலை மீட்பவர்களிடம் கொடுக்க, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 2021-ல் அதையும் தாண்டி, இந்த நபரை யார், எங்கே, எப்படிக் கூட்டிப்போவது என்று ஆளுக்கொரு திட்டம் எழுத முயல வேண்டும் என்றார்கள். வங்கதேசத்தில் அவ்வளவு காசு இல்லை. அங்கே 1970-களிலிருந்து புயல் தயார்நிலைத் தொண்டர்கள் கையில் மெகாபோனோடு தெருத் தெருவாகப் போய்ச் சொல்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லாத ஆயாவுக்கு மெகாபோன் கேட்கும்.

சேதராப்பட்டில் இதை யார் செய்வது என்று கேட்டால், இயல்பான பதில், வார்டு மெம்பர். தமிழ்நாட்டுப் பக்கம் எல்லைக்கு அந்தாண்டை உள்ள ஊர்களில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவரைத் தேடிப் போகலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதற்கு முன்பு 1968-ல். 2011-ல் பதவிக்காலம் முடிந்தவர்களுக்குப் பிறகு, ஃபெஞ்சல் வந்த நாள் வரை கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே கிடையாது. தெருவுக்கு ஒருவர், ஓட்டு கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பவர் இல்லாமல் போனால், அந்த வேலையை ஒரு எஸ்.எம்.எஸ் செய்துவிடாது. பேரிடர் பற்றிப் பேசும்போது உள்ளாட்சித் தேர்தலை யாரும் இழுப்பதில்லை, இழுத்தாக வேண்டும்.

"எத்தனை புயல் பார்த்திருக்கேன்!"

பெரியவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. பிள்ளைகள் அதைப் பிடிவாதம் என்பார்கள். உட்கார்ந்து பேசினால் காரணம் வேறாக இருக்கும். கட்டியிருக்கும் மாட்டை யார் அவிழ்ப்பது? பூட்டு போட்ட வீட்டில் திருட்டு போனால்? முகாமில் ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் யாரை எழுப்புவது? கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முகாமுக்குப் போன பாட்டிகள் பலர், கழிவறைக்குப் போக வேண்டி வரும் என்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் உடம்பில் நீர் வற்றிப்போவது இப்படித்தான்.

அனுபவம் ஒரு சொத்துதான். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது சுத்துக்கேணி வாய்க்கால் என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மேப் பார்த்துச் சொல்வதில்லை. எந்த ஓடை எங்கே ஓடியது, அதன் மேல் எந்த வருடம் எந்த ஷெட் வந்தது, மழை கொட்டினால் தண்ணீர் பழைய வழியைத் தேடி எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் தெரியும். 2015-ல் ஐ.நா. நாடுகள் ஜப்பானின் செண்டாய் நகரில் கூடி ஏற்றுக்கொண்ட பேரிடர் ஆவணமும் முதியோரின் அறிவையும் அனுபவத்தையும் திட்டம் போடும்போதே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. சேதராப்பட்டில் அதற்கு ஒரு டீக்கடை பெஞ்ச் போதும்.

அதே அனுபவம் காலை வாரிவிடவும் செய்யும். இந்தப் பகுதியில் எல்லோர் மனதிலும் நிற்பது 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்த தானே. அது காற்றுப் புயல். மரம் சாய்ந்தது, ஓடு பறந்தது, கம்பம் முறிந்தது. அதை வைத்தே ஃபெஞ்சலையும் எடைபோட்டார்கள். காற்று தணிந்ததும் 'அவ்ளோதான், போயிடுச்சு' என்று படுத்தவர்கள் அதிகம். ஃபெஞ்சல் மழைப் புயல், காற்று அடங்கிய பிறகுதான் அதன் வேலையே. அதிலும் மழை விட்ட பிறகு, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு வெள்ளம் வெயிலோடு வந்தது. பாகூர் பக்கத்து ஊர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பெரியவருக்குத் தெரிந்தது வானிலை மையத்துக்குத் தெரியாது, வானிலை மையத்துக்குத் தெரிந்தது பெரியவருக்குத் தெரியாது. இருவரும் பேசிக்கொள்ள ஓர் ஆள் நடுவில் வேண்டும். 'தாத்தா, இது தானே மாதிரி இல்ல, இது தண்ணி' என்று அந்த ஒரு வரியைச் சொல்லப் பேரன் பேத்தி போதும்.

முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம், இல்லையென்றால் சமுதாய நலக்கூடம். பெஞ்சை ஒதுக்கி ஜமுக்காளம் விரித்துவிட்டால் முகாம் தயார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவர்கள் அங்கே ராத்திரி முழுக்க சுவரில் சாய்ந்து நிற்பார்கள், அல்லது உட்கார்ந்துவிட்டு யாராவது தூக்கிவிடக் காத்திருப்பார்கள். பொட்டலத்தில் வருவது புளிசாதம். பல் இல்லாதவருக்குக்கூட அது இறங்கிவிடும், சர்க்கரை நோயாளிக்கு மூன்று வேளையும் அதுவே என்றால் என்ன ஆகும்? பத்து பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு கமோடு நாற்காலி, இரண்டு கட்டில், கொஞ்சம் கஞ்சி. கோடிக்கணக்கில் ஆகும் செலவு இல்லை இது. மழைக்கு முன்பு யாராவது எழுதிக்கொடுத்தால் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலேயே எடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரி கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டபோது எடுத்த படங்களை எல்லோரும் பார்த்தோம். எந்த வெள்ளம் வந்தாலும் அப்படியொரு படம் வரும். வீரர் தோளில் ஒரு பாட்டி. நெகிழ வைக்கும் படம்தான். அந்தப் பாட்டியை முந்தின நாள் மதியம், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு ஆட்டோவில் கூட்டிப்போயிருந்தால் அந்தப் படத்துக்கே வேலை இருந்திருக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஒரு வார மருந்தை ஜிப் கவரில் போட்டு, அதோடு மருந்துச் சீட்டின் நகல், பழைய மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இருந்தால் அதன் பேட்டரி, பல் செட் டப்பா, ஒரு டார்ச். எல்லாம் ஒரு ஒயர் கூடையில், வாசலருகே ஆணியில். பிரிட்ஜ் மேலே கூடாது. நம்பரெல்லாம் போனில் இருக்கிறது என்று விடாமல், பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கூடைக்குள் வைக்க வேண்டும். அவசரத்துக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. முதியோர் உதவி எண் 14567 பகலில்தான் இயங்கும், ராத்திரி வெள்ளத்துக்கு அதை நம்பக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் கரன்ட் போனால் பதற வேண்டாம். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின், 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். கவரில் சுற்றி மண்பானைக்குள் வைக்கும் பழைய வழியே போதும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அம்மா அப்பா இருக்கும் தெருவில் இரண்டு பேருடைய நம்பராவது உங்கள் போனில் இருக்கிறதா? அதில் ஒன்று, முன்பக்க போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பையனுடையதாகக்கூட இருக்கலாம். அவனுக்குக் கூடை எங்கே தொங்குகிறது என்று காட்டிவைத்தால் போதும், தமிழ் தெரிய வேண்டியதில்லை.

மாடியில்லாத வீட்டுக்காரர்கள் எங்கே போவது என்பதை அவர்களிடமே கேட்பதுதான் முறை. சேதராப்பட்டுச் சாலையோர டீக்கடையில் 80 வயதுக்காரர் ஒருவரிடம் அந்தக் கேள்வியைப் போட்டால், யோசிக்கக்கூட இல்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஏழு படி தம்பி, நான் எங்க ஏறது? கோயில் மண்டபத்துக்குப் படியே கெடையாது, சரிவாத்தான் இருக்கும். தண்ணியும் அங்க வந்ததில்ல. சாவி பூசாரிகிட்ட இருக்கு. ராத்திரில அவரு தூங்கிடுவாரு, அதான் ஒண்ணு."